அருளம்பலத்தின் காதுக்குள் குணேஸ்வரி

"அலையைப் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான், மழையைப் போட்டது—"

"அலையெண்டால் எனக்கு நெஞ்சு இடிக்குது எண்டு நேற்றே சொன்னனான்—"

"—மழையைப் போட்டது ஆர் எண்டு கேக்கிறன்! வெளியில வெயில் பல்லை இளிக்குது, நான் விசரி மாதிரி ஓடிப்போய் நெல்லை அள்ளி—"

"—இடிக்குது எண்டு! உமக்கு உம்மட நெல்லு, என்ர நெஞ்சு என்ன பாடு பட்டாலும்—"

"ரெண்டு கடகம் நெல்லு! புழுக்கி, வடிச்சு, படங்கில பரவிப்போட்டு இப்பத்தான் நிமிர்ந்தனான். மழை எண்ட உடன கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல. முழுக்க அள்ளிக் கட்டின பிறகு அண்ணாந்து பாக்கிறன், வானம் கழுவி விட்ட மாதிரிக் கிடக்குது!"

அருளம்பலம் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, தலைமாட்டில் இருந்த சின்னப் பெட்டியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு தோடம்பழம் அளவுதான் இருக்கும். அதற்குள் அலை இருந்தது, மழை இருந்தது, காடு இருந்தது, காற்றாடி இருந்தது. காது இரைச்சலுக்கு மருந்தில்லை, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுங்கள் என்று காது பார்க்கிற இடத்தில் கொடுத்துவிட்ட பெட்டி. அன்று மத்தியானம் அவர் மழையைத் தெரிந்தெடுத்தார். குசினிக்குள் நின்ற குணேஸ்வரி கிளிவெட்டி வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மழைச் சத்தம் காதில் விழுந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூளை வேலை செய்ய முதல் கால் வேலை செய்யும்.

"அலைக்கு என்ன குறை? கடற்கரை ஊரில இருந்துகொண்டு அலை பிடிக்கேல்ல எண்டுற மனிசனை இப்பத்தான் காணுறன்."

"உமக்கு விளங்காது. அது கல்லில முட்டி உடையிற அலை. உள்துறைமுகத்துக்குள்ள நிக்கேக்க அந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் தெரியுமோ? படகு கரைக்குக் கிட்டப் போயிட்டுது, இனி அடி பிளக்கப் போகுது எண்டு அர்த்தம். அதைக் காதுக்குள்ள விட்டுட்டு எனக்கு நித்திரை வருமோ?"

அதிலும் நியாயம் இருந்தது. துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களை இழுத்துக் கட்டுகிற படகில், இஞ்சின் அறையே கதி என்று கிடந்து ஓய்வு பெற்றவர் அருளம்பலம். அந்த இஞ்சின்கள் போகும்போது அவருடைய செவியில் பாதியைக் கொண்டு போய்விட்டன. போன இடத்தில் ஒரு சில்வண்டைக் குடிவைத்தும் விட்டன. காது கேட்கிற மெசின் இரண்டு காதிலும் மாட்டிய பிறகு கேட்கிறது நன்றாகக் கேட்டது. சில்வண்டு மட்டும் வீடு அடங்கும் நேரம் பார்த்து வந்து குந்திக்கொள்ளும்.

"சரி, அள்ளின நெல்லை எங்க வைக்கிறது?" என்றாள் குணேஸ்வரி. "முன்னறையில வைப்பம் எண்டால் அங்க உங்கட போட் இஞ்சின் குடல் வேற ஈரல் வேறயாப் படுத்துக் கிடக்குது. திருத்துறன் திருத்துறன் எண்டு எத்தினை வருசம்? அந்த அறையை எனக்கு விடுங்கோ. றம்ஸியாவும் நானும் ரெண்டு மெசினைப் போட்டுத் தைக்கிறம். அவவுக்கு கிண்ணியாவில தைக்கக் குடுக்கிற ஆக்கள் நிறைஞ்சு வழியினம், டவுனில இடம் இல்ல. எனக்கு இடம் இருக்கு, அதுக்குள்ள உங்கட இஞ்சின் இருக்கு."

"என்ன?" அருளம்பலம் காதைத் தொட்டுக் காட்டினார். "இரையுது. ஒண்டும் விளங்கேல்ல."

நெல்லு விஷயம் விளங்கிய காதுக்கு முன்னறை விஷயம் என்றைக்கும் விளங்கியதில்லை. குணேஸ்வரி நெல்லைத் திரும்பவும் வெயிலில் போடப் போனாள்.

அந்தக் கிழமையே காது பார்க்கிற பிள்ளையிடம் இரண்டு பேரும் போனார்கள். நிப்லா என்று பெயர். சின்ன வயது, பெரிய பொறுமை.

"ஐயா, ஒரு விஷயம். அந்தப் பெட்டிச் சத்தத்தைக் கூட்டி வச்சு உள்ளுக்குள்ள கேக்கிற இரைச்சலை அமுக்கப் பாக்கிறதில்ல. அதுக்குக் கொஞ்சம் கீழ வைக்கணும், ரெண்டும் சேர்ந்து கேக்கிற மாதிரி. அப்பதான் மூளை மெல்ல மெல்ல, இது பெரிய விஷயமில்ல எண்டு இரைச்சலை விட்டிடும்."

"அலை, மழை எல்லாம் வீட்டில கலவரம், பிள்ளை."

"அப்ப வேற பாப்பம். உங்களுக்கு எது பழக்கமோ அது. சத்தம் இருக்கணும், ஆனா மனசைக் கூப்பிடக் கூடாது. அது என்ன, இது என்ன எண்டு யோசிக்க வைக்கக் கூடாது. காதுல விழுந்தும் விழாத மாதிரி, ஒரே சீரா..."

அருளம்பலத்தின் முகம் பெற்றோல்மக்ஸ் கொளுத்தியதுபோல வெளித்தது.

"அட! அது எங்கட வீட்டிலயே இருக்குதே!"

"என்னது ஐயா?"

"இவவின்ர கதை."

பக்கத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குணேஸ்வரி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நிப்லா கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கதை சரிவராது ஐயா. கதைக்கிற சத்தம் எண்டால் மூளை அதுக்குப் பின்னால போகப் பாக்கும்."

"மற்ற ஆக்களின்ர கதைக்குப் போகும், பிள்ளை. இவவின்ர கதைக்கு என்ர மூளை இருந்த இடத்தை விட்டு எழும்பாது. தாலி கட்டின நாளில இருந்து எடுத்த பயிற்சி!"

சொன்ன பகிடிக்குத் தானே சிரித்தார். சிரித்து முடித்துத் திரும்பியபோது, குணேஸ்வரி கைப்பையைப் பூட்டினாள். வாயையும் அதோடு பூட்டிவிட்டாள் என்பது ஓட்டோவில் ஏறி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பாதி வந்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது.

"என்ன, ஒண்டும் கதைக்கிறீர் இல்ல?"

குணேஸ்வரி கடலைப் பார்த்தாள்.

அன்றைக்கும் கதைக்கவில்லை, அடுத்த நாளும் கதைக்கவில்லை. சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், தேத்தண்ணியை நீட்டினாள், எல்லாம் ஊமைப் படம். அவள் கதைத்துக்கொண்டே திரிந்த வீட்டில் இவ்வளவு அமைதி ஒளிந்திருந்தது என்று அருளம்பலம் கனவிலும் நினைத்ததில்லை. அந்த அமைதியைக் கண்டதும் சில்வண்டு தன் இனசனத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"புளி கூடிப் போச்சு," என்றார். வலிய வம்புக்கு இழுத்தால் வாய் திறப்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"உம்மட தங்கச்சியிட்ட இருந்து வந்த நெல்லு முழுக்கச் சாவி, வெறும் பதர்!" கிளிவெட்டியைத் தொட்டால் அவள் எரிமலையாகிவிடுவாள் என்பது அவருடைய கடைசி நம்பிக்கை. குணேஸ்வரியின் கழுத்து நரம்பு ஒன்று எழும்பியது. எழும்பினது அமர்ந்தும் விட்டது.

மூன்றாம் மத்தியானம் மனிதர் தோற்றுப்போய்க் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சரும். ஏதும் கதையுமன்."

"என்ன கதைக்கிறது?"

அந்த இரண்டு சொல்லே அவருக்குப் பால் வார்த்தது. "என்னெண்டாலும் பரவாயில்ல. நீர் வழக்கமாக் கதைக்கிறது. தேங்காய், ஆடு, அன்னலட்சுமி... சில்வண்டு கொல்லுதப்பா."

"நான் கதைச்சால் உங்கட மூளை எழும்பாதாமே."

"அதுதானே அதின்ர விசேசம்!"

குணேஸ்வரி தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அப்போது அவளுடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டம் கண்ட கள்வனைப்போலத் திரும்பிப் போயிற்று.

"சும்மா சும்மா என்னால கத்திக்கொண்டிருக்க ஏலாது. ஃபோனில பதிஞ்சு தாறன். காது மெசினுக்கு நேரா வரும் எண்டு அந்தப் பிள்ளை காட்டித் தந்தவதானே. நான் கோயிலுக்குப் போனாலும் நீங்கள் கேட்டுக்கொண்டு படுக்கலாம்."

"நீர் தெய்வம்," என்றார் அருளம்பலம்.

தெய்வம் உடனே கிண்ணியாவுக்கு அழைப்பு எடுத்தது. றம்ஸியா ஒரு தையல் வகுப்பில் பழக்கமானவள். புருசன் முனீப் படகு இஞ்சின் திருத்துகிறவன். குணேஸ்வரி திட்டத்தைச் சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் தையல் மெசின் நின்றுபோனது.

"யா அல்லாஹ்! அக்கா, இது பாவமில்லையா?"

"என்ன பாவம்? ஒளிச்சோ கேக்கிறன்? அவரின்ர காதுக்குள்ள வச்சல்லோ கேக்கிறன்."

"கேட்டுட்டு ஏலாதெண்டு சொன்னா?"

"விட்டிடுவன். சத்தியமாச் சொல்லுறன் றம்ஸியா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் 'ஏலாது' எண்டு அந்த மனிசன் சொன்னாலும் முன்னறைக் கதையை இந்தப் பிறப்பில எடுக்க மாட்டன். அடுத்த மாசம் காது காட்டுற நாள் வரைக்கும் தவணை. அதுக்குள்ள சொல்லட்டும்."

"சொல்லாட்டி?"

"மௌனம் சம்மதம் எண்டு பெரியாக்கள் சும்மாவோ சொன்னவை?"

றம்ஸியா சிரித்த சிரிப்பில் ஃபோன் கரகரத்தது. "நான் இப்பவே இவருக்கிட்ட லொறி பாக்கச் சொல்றன்."

"பொறும், பொறும். முதல்ல கேட்டு முடிப்பம்."

கிணற்றடி முருங்கை நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சிக்கு வொய்ஸ் அனுப்பிப் பழகிய வாயால் ஒரே மூச்சில் கதைத்து முடித்தாள். தேங்காய் விலையில் தொடங்கினாள். பக்கத்து வீட்டு ஆடு தூதுவளையைத் தின்றதைச் சொன்னாள். எதிர் வீட்டு அன்னலட்சுமிக்கு முழங்கால் வீங்கி ஒரு மாதமானதைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாய்க்கால் தண்ணி மாதிரிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கதைக்கு நடுவில், அதே இழுவையில், இதையும் சொன்னாள்:

"பிறகு இஞ்சாருங்கோ, முன்னறையில கிடக்கிற இஞ்சினை முனீப் தம்பி வந்து ஏத்திக்கொண்டு போய்த் திருத்தித் தருவாராம், அந்த அறையில நானும் றம்ஸியாவும் தையல் மெசின் போடப் போறம், உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு நியாயமான ஒரு இடைவெளி விட்டாள். முருங்கையில் இருந்த காகம் ஒன்று அந்த இடைவெளிக்குள் மூன்று தரம் கத்தியது.

"சரி. சந்தோசம். பிறகு அந்தத் தேங்காய்க்காரன் என்ன செய்தவன் தெரியுமோ..."

அன்று மத்தியானம் அருளம்பலம் சாய்மனைக் கதிரையில் சரிந்து, காதுக்குள் குணேஸ்வரியை விட்டுக்கொண்டார். வெளிக் குணேஸ்வரி கதவுக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மனக் கணக்கில் தேங்காய் முடிந்தது, ஆடு முடிந்தது, முழங்கால் முடிந்தது. இப்போது இஞ்சின். இப்போது றம்ஸியா. இப்போது இடைவெளி.

அருளம்பலத்தின் வாய் மெல்லத் திறந்தது.

குறட்டை.

அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. சில நாள்களில் சரியாக இடைவெளி வரும் நேரம் தலையையும் ஆட்டினார். அதை அவள் றம்ஸியாவுக்குச் சாட்சியாகப் படம் பிடித்தும் அனுப்பினாள். ஆனால் ஒரு நாள், அந்த இடம் வந்ததும் மனிதர் பட்டென்று கண்ணைத் திறந்தார்.

"இஞ்சரும்!"

குணேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டாள். 'போச்சு. முன்னறையும் போச்சு, மெசினும் போச்சு.'

"என்னப்பா?"

"இதில ஒரு இடத்தில..."

"ஓம்... ஒரு இடத்தில?"

"ஒரு காகம் கத்துது. அண்டைக்கும் கத்தினது. நல்லாப் போய்க்கொண்டிருக்கிற நித்திரையைக் குழப்புது சனியன். அதை மட்டும் எடுத்துவிட ஏலாதோ?"

"ஏலாதப்பா," என்றாள் குணேஸ்வரி. தவணை தொடங்கிய பிறகு ஏலாது என்ற பதில் அந்த வீட்டில் ஒலித்தது அந்த ஒரு தரம்தான். அதையும் சொன்னது அவள்.

காது காட்டுகிற நாள் வந்தது. அருளம்பலம் தனியாகவே போனார். சேர்ட்டை மாற்றி, மெசின் இரண்டையும் துடைத்து மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று விடைபெற்றார்.

"நீரும் வாருமன்."

"எனக்கு வீட்டில கொஞ்சம் வேலை கிடக்குது."

அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவருடைய ஓட்டோ இறக்கத்தில் மறைந்த கையோடு, முனீபின் சின்ன லொறி ஏற்றத்தில் வந்தது.

திரும்பி வந்தவர் முன்னறை வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றுவிட்டார். கழுவிய நிலம் ஈரமாகப் பளபளத்தது. யன்னல் ஓரத்தில் இரண்டு தையல் மெசின். ஒன்றின் பின்னால் றம்ஸியா, முக்காட்டைச் சரிசெய்வதுபோல வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"என்ர இஞ்சின் எங்க?"

"கிண்ணியாவில," என்றாள் குணேஸ்வரி. "முனீப் தம்பி பாத்திட்டு, ஓடும் எண்டு சொன்னவர்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

"உங்களைத்தான்."

"என்னையோ! எப்ப?"

"நேற்றும் கேட்டனான். முந்தநாளும் கேட்டனான். மத்தியானத்துக்கு மத்தியானம் கேட்டனான். தலையை வேற ஆட்டினனீங்கள்."

"பச்சைப் பொய்!"

"காதுக்குள்ளதானே கிடக்குது. கேட்டுப் பாருங்கோ."

அருளம்பலம் ஃபோனைத் தட்டினார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சரித்து, கட்டின நாளில் இருந்து இல்லாத அக்கறையோடு மனைவியின் கதையைக் கேட்கத் தொடங்கினார்.

"ஆடு தூதுவளையைத் திண்டதோ? எந்த ஆடு?"

"பக்கத்து வீட்டு—"

"அன்னலட்சுமிக்கு முழங்கால் வீக்கமோ! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"சொன்னனான்தானே அப்பா, நீங்கள்தான்—"

அவர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் பேசாமல் இரும். நீர் கதைக்கிறது எனக்குக் கேக்கேல்ல."

குணேஸ்வரி றம்ஸியாவைப் பார்த்தாள். றம்ஸியா யன்னலைப் பார்த்தாள். அருளம்பலத்தின் முகத்தில் இஞ்சின் வந்தது, முனீப் வந்தான், தையல் மெசின் வந்தது. பிறகு காகம் வந்தது. 'சரி, சந்தோசம்' வந்தபோது அவர் ஃபோனை நிறுத்தினார்.

"இது... இது ஞாயமில்ல."

"இண்டைக்கு அந்தப் பிள்ளையிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"முதல்தரமா வேலை செய்யுது, ஒரு சொல்லும் மண்டைக்குள்ள ஏறேல்ல எண்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில் நிறுத்தினார்.

"ஏலாது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பன்," என்றாள் குணேஸ்வரி. "றம்ஸியா சாட்சி."

"ஓம் அண்ணன், வல்லாஹி, அக்கா சத்தியம் பண்ணினவ."

அருளம்பலம் சுவரில் சாய்ந்தார். கோபப்படுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை. வேறொரு இழப்பு அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இனி நான் இதை எப்பிடிப் போட்டுக்கொண்டு படுக்கிறது? எந்த மூலையில என்னத்தை வச்சிருக்கிறீரோ எண்டு ஒவ்வொரு சொல்லையும் உற்றுக் கேக்க வேண்டி வருமே!"

வீடு அடங்கியது. அருளம்பலத்தின் கை காதுக்குப் போனதைப் பார்த்தே, சில்வண்டு வந்துவிட்டதென்று குணேஸ்வரிக்குத் தெரிந்தது. வென்ற இடத்தில் நின்றுகொண்டு அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாத றம்ஸியா, கையில் இருந்த அபாயாவின் விளிம்பை ஊசிக்குக் கீழே விட்டு மெசினை மிதித்தாள்.

டக டக டக டக டக டக.

அருளம்பலத்தின் கை காதில் இருந்து இறங்கியது. றம்ஸியா நூலை அறுக்க நிறுத்தினாள்.

"ஏன் தங்கச்சி நிப்பாட்டினனீங்கள்?"

"விளிம்பு முடிஞ்சு, அண்ணன்."

"மற்ற விளிம்பையும் தையுங்கோ."

தைத்தாள். அவர் கண்ணை மூடினார். புருவம் தளர்ந்தது, தோள் இறங்கியது. தூரத்தில், கட்டுப்பாட்டோடு ஓடுகிற நல்ல இஞ்சின் ஒன்றைக் கேட்கிற மனிதரின் முகம் அது. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே போனார்.

"போயிட்டார்," என்று றம்ஸியா கிசுகிசுத்தாள். "அண்ணன் லேசுல விட்டுட்டாரே, அக்கா!"

குணேஸ்வரி முக்காலியில் ஏறினாள். அளவெடுக்க வரும் பெண் பிள்ளைகளுக்கு மறைப்பாக அறைக்குக் குறுக்கே திரைச்சீலை கட்ட வேண்டும். நாளைக்கே இரண்டு பேர் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறார்கள். ஆண் நிழல் படாத அறை என்று சொல்லித்தான் றம்ஸியா அவர்களைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு கையால் சீலையைத் தூக்கிப் பிடித்து, மறு கைக்கு எடுக்க வசதியாக ஒரு பிடி குண்டூசியை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது. கனமான மரம் ஒன்று நிலத்தில் உராய்ந்து உராய்ந்து, நடையைத் தாண்டி, முன்னறைப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. றம்ஸியாவின் கால் மிதியில் நின்றது. வாசலில் முதலில் சாய்மனைக் கதிரையின் முதுகு தெரிந்தது. அதன் பின்னால் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அருளம்பலம் வந்தார். நல்ல நித்திரையைக் கண்டுபிடித்துவிட்ட மனிதரின் சிரிப்பு முகம் நிறைய இருந்தது.

குணேஸ்வரி முக்காலியின் மேல் நின்றாள். இரண்டு கையிலும் சீலை. ஏலாது என்று வாய் திறந்தால் ஊசி தொண்டைக்குள்.

"இஞ்சரும், இதை மெசினுக்கு இந்தப் பக்கம் போடட்டோ, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போடட்டோ?"